குரல் கேட்டா சொல்லிடுவேன்

மஞ்சள் சேலை கட்டிய ஓர் அம்மாவைக் காணோம்.

எங்கே? தைப்பூசத்தன்று, தண்ணீர்மலை முருகன் கோயில் அடிவாரத்தில்! நீங்களே சொல்லுங்கள், இது ஆகிற காரியமா?

வந்து சொன்னவர் அந்த அம்மாவின் கணவர். ராமு அண்ணே என்று வைத்துக்கொள்ளுங்கள். தாசேக் கெலுகோரிலிருந்து மனைவியோடு வந்தவர். மொட்டைத் தலையில் பூசிய சந்தனம் காய்ந்து வெடித்திருந்தது. படிக்கட்டுக்குப் பக்கத்தில், மரத்தடியில், ரேடியோவும் கையுமாக நான் உட்கார்ந்திருந்ததைப் பார்த்து, ஏதோ போலீஸ் என்று நினைத்து ஓடி வந்திருக்கிறார்.

"தங்கச்சி, என் சாந்தாவ காணோம்மா. அவ போனு, மாத்திரை எல்லாம் என் பைக்குள்ள இருக்கு. காலையில ஊசி போட்டுக்கிட்டா. விரதம்னு ஒண்ணும் சாப்பிடல. பால்குடம் செலுத்திட்டு கீழ வந்து சாப்பிடுறேன்னு சொன்னா... இறங்குறப்போ கூட்டத்துல கைய விட்டுட்டேன்."

இன்சுலின் போட்டுக்கொண்டு பட்டினி! சர்க்கரை மளமளவென்று இறங்கினால் மனுஷி எந்த ஓரத்தில் சரிந்து கிடக்கிறாரோ...

வேறு யாருக்காவது போன் செய்து தேடச் சொல்லலாமே என்பீர்கள். அந்த நெரிசலில் லைன் கிடைக்காமல், எல்லார் கையிலும் போன் வெறும் கடிகாரமாகத்தான் இருந்தது. ஒலிபெருக்கி? ஒவ்வொரு தண்ணீர்ப் பந்தலிலும் ஒவ்வொரு பாட்டு. அறிவிப்பு யார் காதில் விழும்? அதனால்தான் வருஷா வருஷம் நாங்கள் சில பேர் ரேடியோவோடு வழிநெடுக உட்கார்ந்து கொள்கிறோம்.

எனக்கு அமெச்சூர் ரேடியோ பைத்தியம். பரீட்சை எழுதி, உரிமம் வாங்கி... "வாட்ஸ்அப் இருக்கிற காலத்துல இது எதுக்கு?" என்று என் வீட்டுக்காரரே கேட்பார். என்ன பதில் சொல்ல? சாயங்காலம் கடல் சாம்பல் நிறமாகிற நேரத்தில், ஜன்னலோரம் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்வேன். முதலில் தகரக் கூரையில் மழை பெய்கிற மாதிரி ஓர் இரைச்சல். குமிழை மெல்லத் திருகினால், அந்த மழைக்குள்ளிருந்து ஒரு குரல் வரும். கடலுக்கு அந்தப் பக்கம் மேடானில் ஒருவர் தன் மாமரம் பூத்ததைச் சொல்வார். புக்கெட்டில் ஒருவர் படகுக்குப் பெயிண்ட் அடித்துக்கொண்டிருப்பார். குரல் தேயும், திரும்பி வரும், மறுபடி தேயும். டீ ஆறிப்போனதுகூடத் தெரியாமல் நான் எங்கேயோ மிதந்துகொண்டிருப்பேன்.

போனில் தெரிந்தவர்களைக் கூப்பிடுகிறோம். ரேடியோவில், "யாராவது இருக்கீங்களா?" என்று கேட்டுவிட்டுக் காத்திருக்கிறோம். அந்தக் காத்திருப்பில் ஒரு சுகம் இருக்கிறது... அதை விளக்கத்தான் எனக்குத் தெரியவில்லை.

சரி, மிதந்தது போதும். ராமு அண்ணே நிற்கிறார்.

பந்தல்கள் வரிசையாக இருக்கும் ஜாலான் உத்தாமா தெருவில், எங்கள் ரேடியோ ஆட்களில் ஒருவரான டான் இருந்தார். பத்து காவான் என்ற ஊரில் ஒரு தொழிற்சாலையில் எஞ்சினியர். ஒரு வருஷம் எனக்கு வெறும் குரலாகவே பழக்கமானவர். நெட்டையாக, ஒல்லியாக ஓர் ஆளை நான் கற்பனை செய்து வைத்திருந்தேன். நேரில் வந்தவரோ குட்டையாக, உருண்டையாக!

"டான், ஒரு அம்மாவ காணோம். மஞ்சள் சேலை. ஓவர்."

கொஞ்சம் இரைச்சல். அப்புறம் பதில் வந்தது, பாதி மலாயில்.

"அக்கா... இங்கே செமுவா கூனிங் லா!"

பார்க்கிற இடமெல்லாம் மஞ்சளாம். வாஸ்தவம்தானே? நான் ராமு அண்ணே பக்கம் திரும்பினேன்.

"வேற அடையாளம் சொல்லுங்கண்ணே. உயரமா இருப்பாங்களா?"

"உயரம்னா... சுமாரா."

"கண்ணாடி?"

"போடுவா. இன்னிக்கு... போட்டிருந்தாளா?"

"சேலைக்கு என்ன பார்டர்?"

திருதிருவென்று விழித்தார். முப்பது வருஷக் குடித்தனம்! சிரிக்காதீர்கள். உங்கள் வீட்டில் இருப்பவர் இன்று என்ன நிறம் கட்டியிருக்கிறார்? திரும்பிப் பார்க்காமல் சொல்லுங்கள் பார்ப்போம்.

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. "ஒண்ணும் ஞாபகம் வரல தங்கச்சி. ஆனா குரல் கேட்டா சொல்லிடுவேன்."

குரலா? அது எங்கள் சரக்கு ஆயிற்றே!

முதலுதவிக்காரர்களுக்குச் சொல்லி அனுப்பிவிட்டு, டானைப் பந்தல் பந்தலாக நடக்கச் சொன்னேன். பெண்கள் பேசுகிற இடத்தில் பட்டனை அழுத்தி ரேடியோவை நீட்டிப் பிடிக்க வேண்டும், அவ்வளவுதான். இங்கே என் ரேடியோவை ராமு அண்ணே காதோரம் பிடித்தேன்.

ஒரு பெண் சிரித்தாள். இல்லை என்று தலையாட்டினார். இன்னொருத்தி, "வரிசையில வாங்கன்னு சொன்னா கேக்க மாட்டீங்களா!" என்று விளாசினாள். சத்தியமாக இதுதான் மனைவி என்று நினைத்தேன், இல்லையாம். யாரோ ஒரு தாய் பிள்ளையைக் கொஞ்சினாள். அதுவும் இல்லை.

அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். நானும் மூடிக்கொண்டேன். உறுமியும் காவடியும் வெயிலும் மெல்ல மெல்ல விலகிப் போயின. குரல்களால் மட்டுமே ஆன ஓர் ஊருக்குள் நாங்கள் இரண்டு பேரும் நடந்துபோவது போல இருந்தது. முகமே இல்லாத எத்தனை பெண்கள்! ஒவ்வொரு குரலும் யாரோ ஒருவருக்கு உயிர்தானே என்று தோன்றியது.

அப்போது, மிக மெல்லிசாக...

"தம்பி... கொஞ்சம்... தண்ணி..."

"அவதான்!" ராமு அண்ணே பதறிவிட்டார். "ஆனா பேச்சு இழுக்குது தங்கச்சி. அவ இப்படி இழுக்க மாட்டா. சக்கர இறங்கிடுச்சு!"

"டான்! தண்ணி கேட்ட அம்மாதான்! சிராப் தண்ணி குடுங்க, நல்லா இனிப்பா! ஓவர்!"

பதில் இல்லை. வெறும் இரைச்சல். அவர் என் நாற்காலியை இறுகப் பிடித்துக்கொண்டு, "முருகா, முருகா" என்று முணுமுணுத்தார். நானும்தான். எனக்குப் பிடித்த அந்த இரைச்சலை அன்றைக்கு முதன்முறையாக வெறுத்தேன்.

"அக்கா, குடிச்சாச்சு. இப்போ ஓகே. ஃபர்ஸ்ட் எய்ட் ஆளும் வந்தாச்சு. அவங்க பேசணுமாம்."

அப்பாடா!

டான் ரேடியோவை சாந்தா அக்கா கையில் கொடுத்தார். பட்டனை அழுத்தினால் பேசலாம்; விட்டால்தான் மறுபக்கத்துப் பேச்சு கேட்கும். அக்கா அழுத்தினார். விடவே இல்லை!

"ஏங்க, எங்க போனீங்க? முன்னால போறது நீங்கன்னு நெனச்சி ஒரு மொட்டத் தல பின்னாலயே இவ்ளோ தூரம் வந்துட்டேன்! திரும்புனா யாரோ! எல்லாருமே மொட்ட, எல்லாருக்குமே சந்தனம்... நான் எதக் கண்டேன்?"

"இல்ல சாந்தா, நான் வந்து..." என்று இவர் ஆரம்பித்தார். போகுமா? அங்கே பட்டனை விட்டால்தானே! வழிநெடுக எங்கள் ஆட்கள் எல்லாரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஒருவராலும் குறுக்கே புக முடியவில்லை.

கோபம் தீர்ந்து, அக்காவின் குரல் இறங்கியது. "கண்ணு இருட்டிக்கிட்டு வந்துச்சுங்க. உங்கள பாக்காமலே போயிடுவேனோன்னு... ரொம்ப பயந்துட்டேன்."

பட்டன் விடுபட்டது.

"பேசுங்கண்ணே," என்று என் ரேடியோவை நீட்டினேன். மனிதர் அதை வாங்காமல் புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"கல்யாணமானதுலேர்ந்து அவ பேசி முடிக்கிற வரைக்கும் நான் கேட்டதே இல்ல தங்கச்சி," என்றார்.

முதலுதவிக்காரர்கள் அக்காவைச் சக்கர நாற்காலியில் அழைத்து வந்தார்கள். முகத்தில் தெளிவு வந்திருந்தது. பச்சை பார்டர், கண்ணாடி இல்லை. கணவரின் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, என் ரேடியோவையே பார்த்தார்.

"இந்த மெஷினு எங்க விக்கிறாங்க? வீட்டுக்கு ரெண்டு வேணும். இவரோடதுல மட்டும் பட்டன் வேணாம்."

"எனக்கும் பட்டன் இல்லாததுதான் வேணும் சாந்தா," என்றார் ராமு அண்ணே.