இன்சீன் ரயிலில் படித்த கடிதம்

முற்றிய காசித்தும்பைக் காயைத் தொட்டால் விரலுக்கடியில் சட்டென்று வெடித்துச் சுருண்டுகொள்ளும். அந்தக் கூச்சத்துக்காகவே நான் ஐப்பசி மாதத்துக்குக் காத்திருப்பேன். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளின் ரங்கூன். எனக்குப் பத்து வயது. அப்பா ரயில் இஞ்சினில் கரி அள்ளிப் போடுபவர், பாதி நாள் மாண்டலே பக்கம்தான் இருப்பார். மழை ஓய்ந்து, ரயில்வே குடியிருப்புகளின் வாசலெல்லாம் துலுக்கச் செவ்வந்தியும் கோழிக்கொண்டையும் பூத்துக் கிடக்கும் சனிக்கிழமைகளில், அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு கெம்மண்டைனில் ரயிலேறி, இன்சீனில் இருந்த அத்தை வீட்டுத் தோட்டத்துக்குப் போவாள்.

அம்மாவுக்கு எழுத்துத் தெரியாது. வழியெல்லாம் நான்தான் மாதப் பத்திரிகைக் கதைகளை உரக்கப் படிக்க வேண்டும். எதிரே சுருட்டுப் பிடிக்கும் பர்மியக் கிழவிகள்கூட ஒன்றும் புரியாமலே என் வாயைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். எனக்கு அதில் தலைகால் புரியாத பெருமை.

ஒரு சனிக்கிழமை சந்து முனையிலேயே தபால்காரர் ஊர்க் கடிதத்தைக் கொடுத்தார். தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து மாமா எழுதியது. அம்மாவின் ஒரே தங்கை செல்லம் சித்திக்கு அது பிரசவ மாதம். "இப்பப் பிரிக்காதடி. திரும்பி வர்றப்போ படி, ஆற அமரக் கேக்கணும்" என்று அம்மா அதை ரவிக்கைக்குள் செருகிக்கொண்டாள். அன்று முழுவதும் சித்திக்கென்று பூ விதை பொறுக்கினாள். யாராவது ஊருக்குக் கப்பலேறும்போது கொடுத்தனுப்ப வேண்டுமாம்.

திரும்பும் ரயிலில் பிரித்தேன். சித்தி பிரசவத்தில் இறந்துபோயிருந்தாள், குழந்தையும் தங்கவில்லை. கடைசி நேரத்தில் "அக்கா வர்ற கப்பல் வந்துருச்சா?" என்று இரண்டு தரம் கேட்டாளாம், மாமா அதையும் எழுதியிருந்தார். நிமிர்ந்து பார்த்தால், தலையில் செவ்வந்தியும் மடியில் விதை முடிச்சுமாக அம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். தீபாவளிக்கு ஏழே நாள். "ஆம்பளப் புள்ளம்மா" என்று சொல்லிவிட்டேன். கதை படிக்கும் அதே குரலில், சித்தி பத்தியம் சாப்பிடுவதையும், குழந்தைக்கு அம்மாவின் மூக்கு என்பதையும் வாய்க்கு வந்தபடி படித்துக்கொண்டே போனேன். "இழவுக் கடுதாசி"யை வீட்டுக்குள் கொண்டுபோகக் கூடாது என்பது மட்டும் எனக்குத் தெரியும். அதனால் ஜன்னலுக்கு வெளியே விட்டுவிட்டு, காற்று பிடுங்கிக்கொண்டது என்று அழுதேன். "போனாப் போவுது, அதான் சேதி தெரிஞ்சிருச்சுல்ல" என்று அம்மா என் கண்ணைத் துடைத்தாள்.

கூடப் பிறந்தவளுக்குத் துக்கம் காக்க வேண்டிய நாளில் அவள் எண்ணெய் தேய்த்துக் குளித்து, புதுப் புடவை கட்டி, தெருவுக்கே பலகாரம் கொடுத்தாள். பாவி நான், பார்த்துக்கொண்டிருந்தேன்.

தை மாதம் ஊர்க்காரர் ஒருவர் கப்பலில் வந்திறங்கி எங்களைப் பார்க்க வந்தார். "செல்லம் புள்ள எப்படி இருக்கான்?" என்று அம்மா ஆசையாகக் கேட்டாள்.

"எந்தப் புள்ள, ஆத்தா?" என்றார் அவர்.

அம்மா என்னை அடிக்கவில்லை, திட்டவுமில்லை. அழுது ஓய்ந்த பிறகு ஒருநாள், "அதுல நெசமா என்னதான் எழுதியிருந்துச்சு?" என்று கேட்டாள். சித்தியின் கடைசி வார்த்தையைச் சொன்னேன்.

"இதையும் நீயாத்தான் சொல்றியா?"

மாமாவுக்கு எழுதிக் கேட்டிருக்கலாம். அவள் கேட்கவே இல்லை. இல்லை என்று பதில் வந்துவிடுமோ என்று பயந்தாளோ என்னவோ. அதன்பின் ஊர்க் கடிதங்களைப் பக்கத்து வீட்டுக் குமாஸ்தாதான் படித்தார். ரயிலிலும் என்னைக் கதை படிக்கச் சொல்லவில்லை.

இன்று அந்தக் குடியிருப்புகள் இல்லை, வாசல் பூக்களும் இல்லை. மாமாவும் போய்விட்டார், அம்மாவும் போய்விட்டாள். நான் சொல்வது நிஜம் என்று சொல்ல இனி ஒருவருமில்லை. சித்தி கேட்டாள், அம்மா. இரண்டு தரம் கேட்டாள்.