விண்வெளிப் பட்டாளத்தின் பூர்வீகம்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் லண்டனில் நான் செய்த வேலையைச் சொன்னால் ஒருவரும் நம்புவதில்லை. இராணுவங்களின் விண்வெளிப் பிரிவுகளுக்குப் பூர்வீகம் தேடுவது. ஓய்வுபெற்ற கப்டன் ஒருவர் அதுபற்றிப் புத்தகம் தொகுத்தார். நான் அவருடைய எழுத்தர். இன்று வானில் சுற்றும் செய்மதியைக் கண்காணிக்கும் பிரிவு நேற்று ராடர் பிரிவு; அதற்கு முன் விமான எதிர்ப்புப் பீரங்கிக்காரர்; அதற்கும் முன் பலூன் பறக்கவிட்டவர்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு குறிப்பு அட்டை. பெயர் மாறும், எண் மாறும், கலைப்பார்கள், திரும்ப எழுப்புவார்கள். பழையவர்களின் கொடியும் விருதுகளும் புதியவர்களுக்கு வந்துவிடும்.

லண்டன் எட்மண்டனில் என்னோடு இருந்த அக்காவுக்கு இந்த வேலையில் மரியாதை கிடையாது. அவளுடைய புருஷனை ஊரில் ஆமிக்காரர் வீட்டுக்குள் வந்து பிடித்துக்கொண்டு போய் நாலு வருஷம். இருக்கிறாரா இல்லையா என்றே தெரியாது.

“ஆகாயத்துப் பட்டாளத்துக்குக் கொப்பாட்டன் ஆரெண்டு கண்டுபிடிக்கிறாய். வாசலில வந்து அத்தானைக் கொண்டுபோனவன் ஆரெண்டு கண்டுபிடிக்க ஏலாது உனக்கு” என்றாள்.

அந்தச் சொல் சுட்டது. அத்தானைக் கொண்டுபோனவர்களுக்கும் ஓர் அட்டை போட்டேன். பழைய பேப்பர்களையும் ஊர்க் கடிதங்களையும் வைத்து அது எந்தப் பிரிவு என்று கண்டுபிடித்தேன். அதை ஏற்கனவே கலைத்துவிட்டிருந்தார்கள். அதன் முகாமையும் எண்ணையும் எடுத்துக்கொண்ட புதிய பிரிவையும் கண்டுபிடித்தேன். அத்தானைப் பற்றிக் கேட்டு அவர்களுக்கு எழுதினேன்.

ஏழு மாதம் கழித்து நாலு வரிப் பதில். முந்தைய பிரிவு பிடித்த ஆட்களைப் பற்றித் தங்களுக்கு ஒன்றும் தெரியாதாம். பதிவேடுகள் கைக்கு வரவில்லையாம். அந்தக் கடிதத்தாளின் தலையில் பழைய பிரிவு வாங்கிய விருதுகளை வரிசையாக அச்சடித்திருந்தார்கள்.

கப்டனிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டு இரண்டு தரம் வாசித்தார்.

“இவர்கள்தான் வாரிசு. உம்முடைய வேலை சரி.”

“அப்படியென்றால் ஏன் பதில் சொல்கிறார்கள் இல்லை?”

“பெருமைக்குத்தான் வாரிசாக வருவார்கள்” என்றார். பிறகு எழும்பிப்போய்த் தேநீர் போட்டுக்கொண்டு வந்து தந்தார். நல்ல மனுஷன். அவரைத் திட்டவும் வழியில்லை.

அக்காவுக்குக் கடிதத்தைத் தமிழில் சொன்னேன். அவள் அழவில்லை.

“பேர் மாத்தினாப்போல செய்தது இல்லையெண்டு ஆகிடுமோ?”

“அவங்களுக்கு ஆகும்.”

“இன்னொருக்கா எழுது, தம்பி.”

அவளுக்கு முன்னால் இருந்து எழுதினேன். கவரில் போட்டு ஒட்டினேன். முகவரி எழுதுகிற இடத்தில், பழைய பெயரா புதிய பெயரா என்று பேனா நின்றுவிட்டது. அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள்.