வெள்ளிக்கிழமைப் பன்றி விலா

அன்று இருந்தவர்கள்: அப்பா, அம்மா, நான், உள்ளறையில் அக்கா, கிள்ளானிலிருந்து மாப்பிள்ளையின் தகப்பனார், தாயார், பெரியப்பா. இல்லாதவர்கள் இருவர். மாப்பிள்ளைக்கு லீவு நாளிலும் வேலை. எங்கள் மாதா கோயில் சாமியார் ரப்பர் தோட்டங்களுக்குப் பூசை வைக்கப் போயிருந்தார். அவர் இருந்திருந்தால் அன்றைக்குக் கறி தின்ன ஒரே வார்த்தையில் விலக்குக் கொடுத்திருப்பார். இதை எழுத வேண்டியே இருந்திருக்காது.

அக்காவுக்கு ஏற்கெனவே இரண்டு சம்பந்தம் பேசிக் கலைந்திருந்தது. இதுவும் போனால் இனி யாரும் வரமாட்டார்கள் என்று அம்மா அழுதுகொண்டிருந்த காலம். அரசாங்க லீவு நாளில் வருகிறோம் என்று நாள் சொன்னவர் மாப்பிள்ளையின் தகப்பனார். உங்கள் கைப் பன்றி விலாவைப் பற்றிக் கிள்ளான் வரைக்கும் பேச்சு, அதையே செய்யுங்கள் என்று சொல்லியனுப்பியவரும் அவரே.

அப்பா ரயில் எஞ்சினில் தீ வளர்க்கும் ஃபயர்மேன். நெருப்பு அவர் சொன்னபடி கேட்கும். பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவாட்டர்ஸின் பின்புறம், மழைமரத்தடியில், விடியும் முன்பே அடுப்பு மூட்டிவிட்டார். காடியும் பூண்டும் மிளகும் பட்டையும் போட்டு ஊறிய விலாவைச் சட்டியில் அடக்கி, மூடியைச் சுற்றி மாவு ஒட்டி, தணலில் விட்டார். எலும்பு தானாகக் கழலும் பதத்தில் எடுத்துக் கம்பி வலைமேல் பரப்பினார். கிச்சாப்பு என்கிற சோயாச் சாறும் தென்னஞ்சர்க்கரையும் காய்ச்சிய பாகை, நசுக்கிய வாசனைப்புல்லால் தொட்டுத் தொட்டுப் பூசினார். "தீ எரியக்கூடாதுடா, தணல் மூச்சு விடணும்" என்றார். கறி கறுஞ்சிவப்பாகக் கண்ணாடி போல மின்னியது.

வெள்ளிக்கிழமை சுத்தபோசனம், ஆண்டவர் பாடுபட்ட நாளில் இறைச்சி ஆகாது, மீன் ஆகும் என்பது வேதக்காரர்களான எங்களுக்குத் தெரியாததல்ல. எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமை என்றால் அப்பாவின் சோற்றுக் கேரியரில் கருவாட்டுக் குழம்பு. அன்று வேலையில்லை, கேரியரில்லை, கருவாடுமில்லை. லீவு நாள் ஞாயிற்றுக்கிழமையைப் போலவே இருந்தது. ஒருவருக்கும் தோன்றவில்லை.

இலை போட்டு, விலா விழுந்து, மாப்பிள்ளையின் தகப்பனார் ஒரு துண்டைக் கையில் எடுத்தும்விட்டார். அப்போதுதான் அவர் மனைவி மெல்ல, இன்றைக்குக் கிழமை என்ன என்று கேட்டார். அவர் துண்டைக் கீழே வைத்தார். விரலில் ஒட்டிய பாகை மட்டும் நக்கிவிட்டுத்தான் பேசினார்.

"கிழமை தெரியாத வீட்டுலேருந்து எப்படிப் பொண்ணெடுக்கிறது? ஞாயித்துக்கிழமை கோயில்ல என் மூஞ்சில முழிப்பானா ஒருத்தன்?"

அப்பா கையைக் கழுவவும் மறந்து நின்றார். அவர் முகத்தைப் பார்த்ததும் எனக்குப் பொறுக்கவில்லை. எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவன் நான். படித்தால் நியாயத்தை நேராகப் பேசலாம் என்று அன்று வரை நம்பியிருந்தேன்.

"நாள் குறிச்சது நீங்க. கறி கேட்டதும் நீங்க. எங்களுக்கு மட்டும் எப்படிப் பாவம்?"

"பாத்தீங்களா," என்று அவர் பெரியப்பாவிடம் திரும்பினார். "நாலெழுத்துப் படிச்ச வாய்."

அப்பா என்னிடம், "போடா உள்ள" என்றார். அதட்டவில்லை, கெஞ்சினார். அதுதான் இன்றும் எரிகிறது. உள்ளே போனால் அக்கா சுவரில் நெற்றியை வைத்து நின்றிருந்தாள். "நீ பேசாம இருந்தாப் போதும் தம்பி" என்றாள்.

வெளியே பெரியப்பா சமாதானம் பேசினார். ஊர் வாயை மூட வேண்டுமாம், பேசிய இருநூறு வெள்ளிச் சீதனத்தை இருநூற்றைம்பதாக்கினால் மறந்துவிடலாமாம். பாவத்துக்கு இவர்கள் விலை வைத்தார்கள், அப்பா தலையாட்டினார். நாங்கள் வெறும் சோறும் ரசமும் சாப்பிட்டோம்.

கிளம்பும்போது அந்த அம்மாள், பலகாரம் கொண்டுவந்த அடுக்குச் சட்டியைத் திறந்து நீட்டினார். "நாளைக்குச் சனிக்கிழமைதானே, வீணாப் போவானேன்." அத்தனை விலாவையும் அம்மா தன் கையாலேயே அதில் அடுக்கிக் கொடுத்தாள். எலும்பொன்று மூடியில் இடித்தது. அதையும் அமுக்கி மூடினாள்.

கல்யாணம் நடந்தது. சீதனத்தில் ஏறியது ஐம்பது, கறிக்கும் கிச்சாப்புக்கும் ஆனது மூன்று. எங்களில் ஒருவரும் வாயில் வைக்காத அந்தச் சாப்பாட்டுக்கு அப்பா கொடுத்தது ஐம்பத்து மூன்று வெள்ளி.