ஏழு ஊற்று நீரும் எட்டு வாளிகளும்

யோக்யகர்த்தா நகரில், சோதே ஆற்றுச் சரிவில் அடுக்கடுக்காய் வீடுகள் ஒட்டிக்கிடந்த சந்து ஒன்றில், சுப்ராப்தி என்பவள் பத்தொன்பது ஆண்டுகளாகக் கொசுப்புழு பார்த்து வந்தாள். சம்பளம் இல்லை. சுகாதார நிலையம் ஆண்டுக்கொரு மேலங்கி கொடுக்கும். அதைக் கஞ்சியிட்டுத் தேய்த்து, வெள்ளிக்கிழமை காலையில் அணிந்துகொண்டு, கையில் டார்ச் விளக்குடன் வீடு வீடாக நுழைவாள். குளியல் தொட்டி, குளிர்பெட்டியின் பின்தட்டு, பறவைக் கூண்டின் நீர்க்கிண்ணம் ஆகிய எதுவும் அவள் கண்ணுக்குத் தப்பாது. ஒவ்வொரு வீட்டுக் கதவிலும் ஓர் அட்டை தொங்கும். கண்ட புழுக்களின் எண்ணிக்கையை அதில் எழுதுவாள். அவள் வீட்டு அட்டையில் சுழியத்தைத் தவிர வேறு எண் ஏறியதே இல்லை.

எட்டு ஆண்டுகளுக்கு முன்பு, பக்கத்து வீட்டுக் கசியாத்தியின் பதினொரு வயது மகள் டெங்குவில் இறந்தாள். மூன்றாம் நாள் பிரார்த்தனைக்குப் பெண்கள் கூடியிருந்தபோது, சுப்ராப்தி எழுந்து சென்று கூண்டில் தொங்கிய கிண்ணத்தில் விளக்கை அடித்தாள்.

"எல்லாரும் வந்து பாத்துக்குங்க. பதினாலு புழு. உன் பொண்ணைத் தின்ன கொசுவை நீயே வளத்திருக்கே, கசியாத்தி."

சுப்ராப்தி அந்த வீட்டு அட்டையில் 14 என்று திருத்தமாக எழுதிவிட்டு வந்து, மீண்டும் பாயில் அமர்ந்தாள். கசியாத்தி அந்த அட்டையைக் கழற்றவே இல்லை. பழைய அட்டையின் மேல் புதிய அட்டைகளை மாட்டிக்கொண்டே போனாள்.

பிறகு டெங்குத் தடுப்புத் திட்டத்தார் வந்தார்கள். ஹண்டோயோ என்ற இளைஞன் சந்துக் கூடத்தில் வெள்ளை வாளி ஒன்றை வைத்துக்கொண்டு பேசினான்.

"இந்த வாளித் தண்ணியில கொசு முட்டையும், புழு தின்ன மீன் தீனியும் இருக்கு. சாதாரணக் கொசு இல்லை. இதோட உடம்புக்குள்ள ஒரு பாக்டீரியா குடியிருக்கு. பழத்துல மொய்க்கிற ஈயில காலங்காலமா இருக்கிறதுதான். அது குடியிருக்கிற கொசுவுக்குள்ள டெங்கு வைரஸ் பெருக முடியாது. கொசு கடிக்கும், ஆனா காய்ச்சலைக் கடத்துறது ரொம்பவே குறைஞ்சிடும்."

"கொசுவுக்கே வைத்தியமா?" என்றார் ரிக்‌ஷா ஓட்டும் முகியோனோ. "எனக்கு ஒரு மாத்திரை வாங்க ரெண்டு மணி நேரம் வரிசையில நிக்க வேண்டியிருக்கு."

கூடம் சிரித்தது. ஹண்டோயோவும் சிரித்துவிட்டுத் தொடர்ந்தான். "தாய்க்கொசு அந்தப் பாக்டீரியாவை முட்டை வழியாப் பிள்ளைங்களுக்குக் கொடுத்துடும். இந்த ஆண்கொசு ஊர்க்கொசுவோட சேர்ந்தா, அந்த முட்டை பொரியாது. கொஞ்ச மாசத்துல சந்துக் கொசு முழுக்க நம்ம கொசுவாயிடும். ஆனா வாளியை யாரும் தொடக் கூடாது. எட்டு வீடு வேணும்."

சுப்ராப்தி எழுந்தாள். "பத்தொம்பது வருசமா நசுக்கினதை இப்ப மீன் தீனி போட்டு வளக்கணுமா, தம்பி?"

"உங்க கையெழுத்து இல்லாம இந்தச் சந்துல ஒண்ணும் நடக்காது, அக்கா."

அந்தச் சொல் அவளுக்கு இனித்தது. அக்கம்பக்கத்துச் சந்துகள் எல்லாம் ஒப்பியிருந்தன. தன் சந்து பின்தங்கலாகாது என்று கையெழுத்திட்டாள். வாளி கேட்டு முதலில் கையை உயர்த்தியவள் கசியாத்தி.

"உனக்கென்னம்மா, வளத்துப் பழக்கம் இருக்கு" என்றாள் சுப்ராப்தி. சிலர் சிரித்தார்கள். கசியாத்தி கையை இறக்கவில்லை.

அம்மாதமே சுப்ராப்தியின் ஒரே மகள் ரெத்னோ, நான்கு மாதக் கருவுடன் தாய்வீடு வந்தாள். மணமாகி ஒன்பது ஆண்டுகளுக்குப் பிறகு தரித்த கரு. சுப்ராப்திக்கு அதற்குமேல் உலகில் ஒன்றும் வேண்டியிருக்கவில்லை. மகள் உறங்கும் அறைக்கு வெளியே எட்டு வாளிகளில் கொசு பொரிகிறது என்னும் நினைப்பை அவளால் தாங்க இயலவில்லை. பாக்டீரியாவை அவள் கண்டதில்லை, கொசுவைக் கண்டிருக்கிறாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை, சோதனை என்ற பெயரில் தன் வீட்டில் வைத்த வாளியின் மூடியைத் திறந்து, புழுவைக் கொல்லும் மணல்போன்ற அபேட் மருந்தை ஒரு சிட்டிகை தூவினாள். பிறகு அடுத்த வீடு, அதற்கடுத்த வீடு. அவளைத் தடுக்க யாருக்குத் தோன்றும்? மேலங்கி அணிந்தவள் அல்லவா! ஹண்டோயோ இரு வாரத்துக்கொரு முறை முட்டை ஒட்டிய புதிய தாளையும் புதுநீரையும் வைப்பான். அவள் மறு வெள்ளியன்றே கொல்வாள். கசியாத்தி மட்டும் தன் வாளியின்மேல் கையை வைத்துக்கொண்டு நின்றாள்.

"தொடக் கூடாதுன்னு அந்தத் தம்பி சொன்னாரு, அக்கா."

நான்கு மாதங்கள் கழித்து, திட்டத்தார் சந்துகளில் வைத்த பொறிகளில் விழுந்த கொசுக்களைச் சோதித்தார்கள். பிற சந்துகளில் நூற்றுக்கு எண்பது கொசுக்களில் பாக்டீரியா இருந்தது. இந்தச் சந்தில் ஒன்பது.

"எங்கயோ தப்பு நடக்குது" என்று தலையைச் சொறிந்தான் ஹண்டோயோ.

"எங்கயோ என்ன, அவ வீட்டுலதான்" என்றாள் சுப்ராப்தி, கசியாத்தியைக் காட்டி. "வேற எந்த வாளியிலயாவது இவ்வளவு கொசு கிளம்புதா? புள்ளத்தாச்சிப் பொண்ணு பக்கத்துல படுக்க முடியலை."

ஹண்டோயோ போனதும் அவளே கசியாத்தியின் வாளியைத் தூக்கி, வாசல் சாக்கடையில் கவிழ்த்தாள். கசியாத்தி குனிந்து, நீரோடு ஓடிய புழுக்களைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

இதற்கு முன்பே, ஏழாம் மாத நீராட்டுச் சடங்குக்கென்று சுப்ராப்தி ஏழு ஊற்றுகளிலிருந்து நீர் கொண்டுவந்து, பெரிய மண்குடத்தில் நிறைத்து, மல்லிகையும் ரோஜா இதழும் இட்டு, மெழுகுச்சாய வேலை செய்த பாத்திக் துணியால் மூடி வைத்திருந்தாள். கப்பலில் பணியாற்றும் மருமகனுக்கு விடுமுறை தள்ளிப்போயிற்று. கணவன் இல்லாமல் சடங்கு இல்லை. ஏழாம் மாதம் போய் எட்டும் ஒன்பதுமாய் வளர்ந்தபோதும், அந்த நீரைக் கொட்டிவிட அவளுக்கு மனம் வரவில்லை. மகளின் தலையில் ஊற்றும் நீரில் மருந்து கலக்கலாமா? துணியை விலக்கி விளக்கடிப்பதும் தெய்வக் குற்றம். ஒவ்வொரு வெள்ளியும் அந்தக் குடத்தைக் கடந்து சென்று, தன் அட்டையில் சுழியம் எழுதினாள்.

சந்தின் கோடியில் ஒரு மாணவனுக்கு டெங்கு கண்டது. இரண்டு வாரத்தில் ரெத்னோவுக்கும் காய்ச்சல்.

மருத்துவமனையில் சுப்ராப்தி இப்போது வேறோர் எண்ணை எழுதிக்கொண்டாள். மகளின் ரத்தத்தில் தட்டணுக்கள் முதல் நாள் ஒரு லட்சத்துப் பத்தாயிரம். மறுநாள் நாற்பத்தெட்டாயிரம். தட்டணு ஏறுமென்று கசியாத்தி நாள்தோறும் சிவப்புக் கொய்யாச் சாறு பிழிந்து கொண்டுவந்தாள்.

"இன்னிக்கு எவ்வளவு, அக்கா?"

"பத்தொம்பதாயிரம்."

"என் பொண்ணுக்குப் பன்னெண்டு வரைக்கும் போச்சு" என்றாள் கசியாத்தி, போத்தலின் மூடியைத் திறந்தபடி. அவள் குரலில் இரக்கமும் இல்லை, பகையும் இல்லை.

அன்று மாலை குழந்தையின் இதயத்துடிப்பு நின்றது. ரெத்னோ பிழைத்தாள்.

சுப்ராப்தி வெறுங்கையுடன் வீடு திரும்பிய காலை, அண்டைவீட்டு வழக்கப்படி சாவி வாங்கி வீட்டைப் பெருக்கிவைத்திருந்த கசியாத்தி, கூடத்தில் அமர்ந்திருந்தாள். எதிரே மண்குடம் துணி விலக்கி வைக்கப்பட்டிருந்தது. பூனை கிழித்த ஓட்டை துணியின் நடுவில் தெரிந்தது. குடத்தருகே சுப்ராப்தியின் வெள்ளை வாளி. அதன் அடியில் மணல்போல் மருந்து படிந்திருந்தது.

கசியாத்தி டார்ச் விளக்கை நீட்டினாள். "பாருங்க."

அழுகிய இதழ்களுக்கிடையே புழுக்கள் நெளிந்தன.

"எந்தக் கொசு கடிச்சுதுன்னு ஆண்டவனுக்குத்தான் தெரியும். எட்டு வருசத்துக்கு முன்னாடி நான் வளத்தேன்னு சொன்னீங்க. ஆமா, வளத்தேன், தெரியாம. நீங்க காவலுக்கு வந்ததையெல்லாம் தெரிஞ்சே கொன்னுட்டு, காலனைப் பூப்போட்டு வளத்திருக்கீங்க."

சுப்ராப்தி துணியை எடுத்துக் குடத்தை மூடினாள். "ரெத்னோகிட்ட சொல்லிடாதே."

"சொல்ல மாட்டேன். அந்தத் தம்பிகிட்ட நீங்களே போய்ச் சொல்லுங்க. வாளியெல்லாம் திரும்ப வரட்டும். என் வாளி முதல்ல. அப்புறம் நீங்க வழக்கம்போல வரணும். வெள்ளிக்கிழமை தவறாம. மேலங்கி போட்டுக்கிட்டு."

சுப்ராப்தி ஹண்டோயோவிடம் போய்ச் சொன்னாள். வாளிகள் வந்தன. அடுத்த மழைக்காலத்தில் அந்தச் சந்தின் எண்ணும் எண்பதைத் தாண்டியது. டெங்கு என்று யாரும் படுக்கவில்லை. சுப்ராப்தியின் பெயரை ஹண்டோயோ எங்கும் எழுதவில்லை. திட்டத்தார் வழங்கிய பாராட்டுப் பத்திரம் அவள் கூடத்தில் தொங்குகிறது.

வெள்ளிதோறும் அவள் கசியாத்தியின் வீட்டில் மண்டியிட்டு, வாளியின் மூடியைத் திறக்கிறாள். சன்னலுக்கு அப்பால், பிள்ளையில்லாத தொட்டில் துணியை மடித்துக்கொண்டு ரெத்னோ நிற்பது இங்கிருந்து தெரியும். பழைய அட்டைகளுக்கெல்லாம் அடியில் கிடந்த, 14 என்று எழுதிய அட்டையைக் கசியாத்தி இப்போது எல்லாவற்றுக்கும் மேலாக மாட்டியிருக்கிறாள்.

"எண்ணுங்க, அக்கா. சத்தமா."

சுப்ராப்தி வாளியில் நெளியும் புழுக்களை எண்ணுகிறாள். பதினான்கு என்றதும் கசியாத்தி கையை உயர்த்துவாள். சற்று நேரம் அந்த எண்ணிலேயே நிற்கவேண்டும். அதன்பின்தான் கை இறங்கும்.

"ம், மேல போங்க."