போன வருஷத்து கேஸ்

ரேணிகுண்டாவில் தையற்கடை வைத்திருக்கும் ஒரு அக்கா வீட்டு ஏசிக்கு மூன்று கோடைகளாக நான்தான் கேஸ் நிரப்புகிறேன். இந்த வருடமும் பார்த்துவிட்டு, "கேஸ் தீந்துபோச்சுக்கா" என்றேன்.

"அடுப்பு கேஸ் எரிஞ்சு தீருது. இத்த யாருப்பா எரிச்சாங்க? போன வருசம் போட்டது எங்க போச்சு?"

அக்கா கேட்டது சரிதான். ஏசி கேஸ் தீராது; ஓட்டை இருந்தால்தான் குறையும். ஆனால் 'தீந்துபோச்சு' என்று எல்லோரிடமும் சொல்லிச் சொல்லி நானே அதை நம்பிவிட்டிருந்தேன். அந்த கேஸ் பூமியைச் சூடாக்கும், காற்றில் விடக்கூடாது என்று திருப்பதியில் நடந்த ஏசி மெக்கானிக் பயிற்சியில் சொன்னார்கள். நான் விடுகிறவன் இல்லை, நிரப்புகிறவன்தானே என்று கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தவன் நான்.

சோப்பு நுரையைக் குழாய் இணைப்பில் தடவினேன். ஒரு நட்டின் ஓரத்தில் குமிழி மெல்ல ஊதியது.

"இத்த மொதல்லயே பாத்திருக்கலாமே?" என்றார் அக்கா.

பார்த்திருக்கலாம். அரை மணி நேரம் ஆகுமே என்று பார்க்கவில்லை.

கசிவை அடைத்து, கேஸ் நிரப்பிவிட்டு வெளியே வந்தேன். வெயில் மண்டையைப் பிளந்தது. வெயில் ஏறினால்தான் என்னைக் கூப்பிடுகிறார்கள். அதை ஏற்றிவிட்டதில் நானும் ஒருவனா?

போன் அடித்தது. சந்திரகிரியிலிருந்து ஒருவர்.

"தம்பி, ஏசியில கேஸ் தீந்துபோச்சு போலகீது."

"கேஸ் தீராதுங்க, எங்கயோ கசியுது; அரை மணி நேரம் ஆகும், வந்து பாக்கறேன்" என்றேன்.