மாம்பழ ஐஸ்கிரீமில் பூண்டு வாசம்

பிள்ளைகளே, நான் பத்தாவது வரைதான் படித்தவன். லேத் பட்டறையில் வேலை. எனக்குத் தெரிந்தபடி எழுதுகிறேன். ஒரு சின்னப் பெண் உண்மையைச் சொன்னதற்காக அவளைக் கேலி செய்தேன். அதைத்தான் சொல்லப்போகிறேன்.

போன கோடையில் என் மகளுக்குப் பிறந்தநாள். கடை ஐஸ்கிரீம் வேண்டாம், நானே செய்கிறேன் என்று ஊரெல்லாம் சொல்லி வைத்துவிட்டேன். பாலைச் சுண்டக் காய்ச்சி ஆறவிட்டு, சர்க்கரையும் மாம்பழக் கூழும் கலந்தேன். ருசி பார்த்தேன், அருமையாக இருந்தது. ஃப்ரீசரில் பாதி உறைந்ததும் எடுத்து மிக்ஸியில் ஒரு ஓட்டு ஓட்ட வேண்டும். அப்போதுதான் பல்லில் நறநறக்காமல் மெத்தென்று வரும். அதற்குக் கைக்குக் கிடைத்த ஜாரை எடுத்தேன். காலையில் என் மனைவி அதில் பூண்டுச் சட்னி அரைத்திருந்தாள்.

"நல்லாக் கழுவிப்போட்டு எடுங்க" என்று உள்ளேயிருந்து சொன்னாள்.

நான் தண்ணீர் விட்டு ஒரு அலசு அலசியதோடு சரி. மூடியின் ரப்பர் வளையத்தைக் கழற்றவே இல்லை.

சாயங்காலம் மகளின் சிநேகிதிகள் நாலு பேர் வந்தார்கள். ஆளுக்கொரு கிண்ணம் கொடுத்துவிட்டு, பாராட்டுக்காகப் பக்கத்திலேயே நின்றேன். மூன்று பேர் "சூப்பருங்க அங்கிள்" என்றார்கள். நாலாவது பெண் அடுத்த தெருவில் இருக்கும் பாய் வீட்டுப் பெண். கிண்ணத்தை மோந்து பார்த்துவிட்டு, "பூண்டு வாசம் வருதுங்க அங்கிள்" என்றாள்.

அந்த நொடியே எனக்கு ஜார் ஞாபகம் வந்தது. வந்தும் நான் சொன்னது இது:

"உங்க ஊட்டுப் பிரியாணி வாசம் உன்ற மூக்குலயே ஒட்டிட்டு வந்துருச்சா அம்மணி?"

எல்லோரும் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. குனிந்து கிண்ணத்தைக் காலி செய்தாள். "வாரேனுங்க அங்கிள்" என்று கிளம்பினாள்.

பிறகு மிச்சத்தை வாயில் வைத்தேன். பூண்டேதான்.

"எல்லாருக்கும் தெரிஞ்சுதுப்பா" என்றாள் மகள். "நீங்க ஆசையாச் செஞ்சீங்களேன்னுதான் மத்தவங்க பூண்டப் பத்திச் சொல்லல. நாளைக்கு அவ எங்கூடப் பேசுவாளான்னு தெரியல."

அன்றிரவு நான் சரியாகச் சாப்பிடவில்லை. மறுநாள் அவள் வீட்டுக்குப் போனேன். அவளுடைய அப்பா நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"வாங்க, வாங்க. ஐஸ்கிரீம் நல்லா இருந்துச்சுன்னு பாப்பா சொல்லுச்சுங்க."

அவள் வீட்டில் எதையும் சொல்லவில்லை. நானும் சொல்லாமல் எழுந்து வந்திருக்கலாம். கால் எழுந்திருக்கத்தான் பார்த்தது.

"பாய், உங்க புள்ள கிட்ட நான் ஒரு வார்த்த தப்பாப் பேசிப்போட்டேனுங்க" என்று நடந்ததை அப்படியே சொன்னேன். பிரியாணி என்ற சொல் வந்ததும் அவர் முகத்தில் இருந்த சிரிப்பு நின்றுவிட்டது. தரையைப் பார்த்தார்.

அந்தப் பெண் கதவோரம் நின்றிருந்தாள். "பூண்டுதானுங்களா அங்கிள்?" என்று கேட்டாள்.

"பூண்டுதான் கண்ணு. எங்க ஊட்டுப் பூண்டு. நீ சொன்னதுதான் நெசம். என்னை மன்னிச்சுரு."

அவள் தலையாட்டினாள். அவள் அப்பா நிமிர்ந்து, "டீ குடிச்சுட்டுப் போங்க" என்றார்.

இப்போதும் அவள் எங்கள் வீட்டுக்கு வருகிறாள். மகளோடு பழையபடிதான் விளையாடுகிறாள். ஆனால் நான் எதைச் செய்து கொடுத்தாலும், வாயில் வைக்கும் முன்பே "நல்லா இருக்குங்க அங்கிள்" என்று சொல்லிவிடுகிறாள்.