வலது பக்கம் லேட்

இந்த வாரம் எங்கள் வீட்டுக்காரருக்கு வேலை உறுதியாகிவிட்டது. ஒரகடத்தில் அவர் வேலை பார்க்கும் கார் கம்பெனியில் ஆள் குறைப்பு நடந்தது. அவர் தப்பித்துவிட்டார். ஸ்வீட் வாங்கவில்லை. சாமி படத்துக்குப் பூகூடப் போடவில்லை.

நடுவில் சில வாரம் இந்தப் பத்தி வரவில்லையே, உடம்பு சரியில்லையா என்று கேட்டிருந்தீர்கள். உடம்புக்கு ஒன்றுமில்லை. எழுத மனசு வரவில்லை, அவ்வளவுதான். அவரைக் கிண்டலடித்து எழுதினால்தான் உங்களுக்கெல்லாம் குஷி என்று தெரியும். ஆனால் இந்த வாரம் சிரிக்கிற மாதிரி ஒன்றும் இல்லை. சிரித்தே ஆகவேண்டும் என்றால் பக்கத்தைத் திருப்புங்கள், ராசிபலன் இருக்கிறது.

போகவில்லையா? சரி, சொல்கிறேன்.

என் வீட்டுக்காரர் தேவராஜுக்குக் கம்பெனியில் என்ன வேலை தெரியுமா? காரின் முன் சக்கரத்துக்குப் பின்னால் வண்டியைத் தாங்கிக்கொண்டு ஸ்பிரிங்கும் இரும்புக் கைகளும் இருக்குமே... சஸ்பென்ஷன். அதை மாட்டி, கன் என்கிற கைமெஷினால் போல்ட் முடுக்குவது. அதுவும் இடது பக்கம் மட்டும். வலது பக்கத்துக்கு முருகேசன் என்று ஒருவர். கோவில்பட்டிக்காரர். மனைவி செல்வியோடு வல்லம் வடகாலில் ஒற்றை ரூமில் வாடகைக்கு இருந்தார். மேலே கார் தொங்கிக்கொண்டு வரும். இந்தப் பக்கம் இவர், அந்தப் பக்கம் அவர். வருஷக்கணக்காக இப்படித்தான். கல்யாணமான நாளிலிருந்து என் முகத்தைப் பார்த்ததைவிட இவர் முருகேசன் முகத்தைப் பார்த்ததுதான் அதிகம்.

அங்கே ஒரு முறை உண்டு. தன் பக்கத்து வேலை முடிந்ததும் ஆளுக்கொரு பச்சை பட்டனை அமுக்க வேண்டும். இரண்டு பச்சையும் எரிந்தால்தான் கார் நகரும். ஒருவர் லேட்டானால் அவர் தலைக்கு மேல் சிவப்பு விளக்கு எரியும். அது மட்டுமா? ஐஸ் வண்டி மணி மாதிரி ஒரு மியூசிக் வேறு அடிக்கும். லைன் மொத்தமும் திரும்பிப் பார்க்கும். சூப்பர்வைசர் ஓடி வருவார். அந்த மியூசிக்கைக் கேட்டாலே கையிலிருக்கும் போல்ட் நழுவிவிடும் என்பார் இவர்.

ஆனால் வீட்டில் அதுவே விளையாட்டு. தோசை ஊற்ற நான் கொஞ்சம் லேட் பண்ணினால் போதும்... தட்டின் முன்னால் உட்கார்ந்துகொண்டு அந்த மியூசிக்கை வாயாலேயே வாசிப்பார். நான் தோசைத் திருப்பியை ஓங்குவேன்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் கம்பெனியில் புது மெஷின் வரப்போகிறது என்றார்கள். அது வந்தால் அந்த இடத்துக்கு ஒரே ஆள் போதும், இரண்டு பக்கமும் அவரே பார்த்துக்கொள்ளலாம். அப்படியானால் இருக்கப்போவது யார்? அதைப் பிறகு சொல்கிறோம் என்றுவிட்டார்கள்.

வேறு யாராவதாக இருந்தால் ஒருவரைப் பற்றி ஒருவர் சூப்பர்வைசரிடம் போட்டுக் கொடுக்க ஆரம்பித்திருப்பார்கள். இந்த இரண்டு பேரும் என்ன செய்தார்கள் தெரியுமா? ஒரு ஓட்டை வண்டியை இழுத்துக்கொண்டு வந்தார்கள்.

அறுபதுகளில் கப்பலில் வந்த பிக்கப். ஏதோ மிஷன் ஆஸ்பத்திரிக்கு ஓடியதாம். மண்ணூரில் ஒரு தென்னந்தோப்பில் பாதி புதைந்து கிடந்தது. தோப்புக்காரர் இடம் காலியானால் போதும் என்று கொடுத்துவிட்டார். படப்பையில் எங்கள் வீட்டு வாசலில் அதை இறக்கியபோது உள்ளேயிருந்து ஓணான் ஒன்று இறங்கி ஓடியது. பக்கத்து வீட்டுக்காரர் எடைக்குப் போடவா என்று கேட்டார். நானும் அதையேதான் கேட்டேன்.

திட்டம் என்னவென்றால், அதைப் பழையபடி பளபளவென்று ஆக்குவது. ஈசிஆர் ரிசார்ட்டுகள், கல்யாண ஊர்வலம், போட்டோ ஷூட் என்று வாடகைக்கு விடுவது. கம்பெனி யாரை வெளியே அனுப்புகிறதோ, வண்டி அவருக்கு. உள்ளே இருப்பவர் ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து கைகொடுப்பார். எழுதிக் கையெழுத்தெல்லாம் போடவில்லை. டீக்கடையில் பேசிக்கொண்டதுதான்.

இதைக் கேட்டபோது எனக்குப் பெருமையாக இருந்தது. பயமாகவும் இருந்தது. போகப்போகிறவருக்கு இந்தத் துருப்பிடித்த இரும்பைத் தவிர வேறு பிடிமானம் கிடையாதே?

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் இரண்டு பேரும் முன் சஸ்பென்ஷனைக் கழட்ட உட்கார்ந்தார்கள். சொல்லி வைத்தாற்போல் இவர் இடது பக்கம் போனார், அவர் வலது பக்கம் போனார். "வாசல்ல கூட பக்கம் மாற மாட்டீங்களா?" என்று கேட்டேன். அப்போதுதான் அவர்களே கவனித்தார்கள். சிரித்தார்கள். மாறவில்லை.

துரு என்றால் அப்படியொரு துரு. தட்டினால் செதில் செதிலாக விழுந்தது. எது போல்ட், எது துரு என்றே தெரியவில்லை. மண்ணெண்ணெய் ஊற்றி ஊற வைத்தார்கள். இவர் தலைமுடியெல்லாம் செம்மண் பூத்த மாதிரி ஆகிவிட்டது.

ஒன்று சொல்ல வேண்டும். கம்பெனியில் இவர்களுக்கு மாட்டத்தான் கற்றுக்கொடுத்திருக்கிறார்கள், கழட்ட இல்லை. புது வண்டியை யார் கழட்டப் போகிறார்கள்? அங்கே ஸ்பிரிங் அமுக்கிக் கட்டப்பட்டு, ஒரே செட்டாகக் கைக்கு வரும். இந்தப் பழைய வண்டியில் அப்படி இல்லை. லோயர் ஆர்ம் என்று கீழே ஓர் இரும்புக் கை. அதன்மேல் ஸ்பிரிங் நசுங்கி உட்கார்ந்திருக்கிறது, ஐம்பது வருஷத்துக்கு மேலாக. அந்தக் கைக்கு அடியில் ஜாக்கி வைத்துத் தாங்கி, கை சக்கரத்தோடு சேரும் மூட்டை விடுவித்து, ஜாக்கியை மெள்ள மெள்ள இறக்கினால் ஸ்பிரிங் சாதுவாக வெளியே வரும். ஜாக்கி இல்லாமல் மூட்டு விட்டதோ, போச்சு.

இது இரண்டு பேருக்கும் தெரியும். தெரியாமல் செய்ததில்லை.

நல்ல ஜாக்கி ஒன்றுதான் இருந்தது. "நீங்க முடிங்க அண்ணாச்சி, பொறவு நான் வாங்கிக்கிடுதேன்" என்று முருகேசனே இவர் பக்கம் தள்ளிவிட்டார். வேலை தெரிந்த மெக்கானிக் என்றால் ஒரு பக்கத்தை முழுதாக முடித்துவிட்டுத்தான் மறுபக்கம் போவான். இவர்கள் லைன்காரர்கள். இரண்டு பக்கமும் சேர்ந்துதான் நடக்க வேண்டும். ஜாக்கி வரும்வரை கையைக் கட்டிக்கொண்டு நிற்க முருகேசனுக்கு முடியவில்லை. மூட்டின் நட்டு அசையவில்லை என்று கிரைண்டர் வைத்து அறுத்து எடுத்தார். அதோடு கரண்ட் போய்விட்டது. நம் ஊர்க் கரண்ட்தான் தெரியுமே. நட்டு போன பிறகும் மூட்டு விடவில்லை. துரு கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தது. இப்போது யோசித்தால், அந்தத் துரு ஒன்றுதான் அவரைக் காப்பாற்றிக்கொண்டிருந்திருக்கிறது.

இவர் பக்கம் முடிந்துவிட்டது. ஸ்பிரிங் அழகாக இறங்கிச் சாக்கின்மேல் உட்கார்ந்துகொண்டது. இவர் எழுந்து கையைத் துடைத்துக்கொண்டு, நான் கொடுத்த டீயை ஒரு வாய் குடித்தார். முருகேசன் இன்னும் மூட்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்.

"இன்னா முருகேசு, ரெட் லைட் எரியுது போல?" என்றார் இவர். சொல்லிவிட்டு அந்த மியூசிக்கை வாயால் வாசித்தார்.

நானும் சிரித்தேன். முருகேசனும் சிரித்தார்.

இவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு ஜாக்கியை அந்தப் பக்கம் உருட்டிக்கொண்டு கிளம்பினார். வண்டியைச் சுற்றி வர எவ்வளவு நேரம் ஆகும்? அதற்குள் முருகேசன் சுத்தியலை எடுத்து ஓங்கி ஒரு அடி அடித்தார்.

துரு விட்டுவிட்டது.

வெடி வெடித்த மாதிரி ஒரு சத்தம். ஸ்பிரிங் பிய்த்துக்கொண்டு வந்து, அவருடைய வலது கையைச் சுத்தியலோடு சேர்த்து அடித்துவிட்டு, காம்பவுண்ட் சுவரில் மோதி விழுந்தது. முருகேசன் கத்தக்கூட இல்லை. தன் கையையே யாருடைய கையோ மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார்.

என் புடவையைச் சுற்றி, ஆட்டோ பிடித்து, தாம்பரம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். வழியெல்லாம் இவர் வேகமாகப் போ என்று டிரைவரிடம் கத்திக்கொண்டே வந்தார். முருகேசன்தான் தைரியமாக இருந்தார். முடிச்சூர் தாண்டும்போது என்னிடம் ஒரு வார்த்தை சொன்னார்.

"நம்ம பக்கம் லேட்டாயிருச்சு மதினி."

எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. என்ன லேட்? எங்கே லேட்? எங்கள் வாசலில் லைன் ஏது, சூப்பர்வைசர் ஏது? ஒரு தெருநாய் படுத்திருந்தது, அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை காலையில் யாருக்கு என்ன அவசரம்? அந்த சிவப்பு விளக்கு கம்பெனிக் கூரையில் இருக்கிறது என்றுதான் இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். ஆளுக்கொன்று தலைக்குள்ளேயே மாட்டி அனுப்பியிருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும் அதை அணைத்து வைக்க யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

கையைக் காப்பாற்றிவிட்டார்கள். இரண்டு விரல் போய்விட்டது. மிச்ச விரல்கள் இருக்கின்றன, மடங்காது. ஸ்பானர் பிடிக்க முடியாது என்று டாக்டர் தெளிவாகச் சொல்லிவிட்டார்.

செல்வி வந்தாள். அழவில்லை. வராந்தாவில் என் பக்கத்தில் உட்கார்ந்து ஒன்றே ஒன்று கேட்டாள்.

"அக்கா, அப்ப ஜாக்கி யாரு பக்கம் இருந்துச்சு?"

எங்கள் பக்கம்தான் இருந்தது. முருகேசன்தான் விட்டுக்கொடுத்தார் என்று சொன்னேன். பிறகு முருகேசனே அதை அவளிடம் சொன்னார். அவள் தலையை ஆட்டிக்கொண்டாள். நம்பினாளா? தெரியவில்லை. அவள் இடத்தில் நான் இருந்தால் நம்பியிருப்பேனா என்றும் தெரியவில்லை.

கம்பெனியில் பேச்சுக்குக் கேட்கவா வேண்டும்? கேன்டீனில் யாரோ இவர் காதுபடவே சொன்னார்களாம், தேவராஜுக்கு ரூட் கிளியர் என்று. வெளியே நடந்த விபத்து, அதனால் கம்பெனிக்குச் சம்பந்தமில்லை என்று ஆபீஸில் சொல்லிவிட்டார்கள். அந்தத் திங்கட்கிழமையே வலது பக்கத்தில் வேறொருவரை நிறுத்தினார்கள். பிறகு மெஷின் வந்தது. யாரை வைப்பது என்று யோசிக்கிற வேலையே அவர்களுக்கு இல்லாமல் போய்விட்டது.

வெளியே போகிறவருக்கு வண்டி என்றுதானே பேச்சு? பேச்சு மாறவில்லை, வண்டி முருகேசனுக்குத்தான். ஆனால் அந்தக் கையை வைத்துக்கொண்டு அவர் வண்டியை என்ன செய்வார்? எடைக்குப் போட்டு வரும் பணத்தை அனுப்புங்கள் என்றுவிட்டார்.

போன ஞாயிற்றுக்கிழமை ஊருக்குக் கிளம்புவதற்கு முன்னால் சொல்லிக்கொண்டு போக வந்தார். செல்வி உள்ளே வரவில்லை. ஷேர் ஆட்டோவிலேயே மூட்டை முடிச்சோடு உட்கார்ந்திருந்தாள். நான் போய்க் கூப்பிட்டும் இறங்கவில்லை. எனக்கு அவள்மேல் கோபம் வரவில்லை.

பிக்கப் அப்படியேதான் நின்றது. இடது பக்கம் கழட்டியதெல்லாம் சாக்கில் வரிசையாக இருந்தது. வலது பக்கத்து ஸ்பிரிங் சுவரோரம் விழுந்த இடத்திலேயே கிடந்தது. யாரும் அதைத் தொடவில்லை. முருகேசன் காலால் லேசாக உருட்டிப் பார்த்தார்.

இவர் ஏதோ பேச வாயெடுத்தார். அழுகைதான் வந்தது. இந்த மனிதர் அழுது நான் பார்த்ததே இல்லை. அன்று வாசல் என்றும் பார்க்காமல், தெரு என்றும் பார்க்காமல் அழுதார். நான் ஏண்டா அந்த மியூசிக்கைப் போட்டேன் என்று திரும்பத் திரும்பச் சொன்னார். முருகேசன் கட்டுப்போட்ட கையை இவர் தோளில் வைத்துக்கொண்டு, கொஞ்சம் அடங்கட்டும் என்று நின்றார். பிறகு சொன்னார்.

"ரெண்டு பக்கமும் இனி நீங்கதானாம்ல. வலது பக்கம் ரெண்டாவது போல்ட்டு சண்டித்தனம் பண்ணும் அண்ணாச்சி. மொதல்ல கையால திருகி உக்கார வச்சுட்டு, பொறவு கன்னை வைங்க. இல்லேன்னா லேட்டாயிரும்."

அவ்வளவுதான். ஆட்டோ போய்விட்டது.

இப்போதெல்லாம் தோசை எவ்வளவு லேட்டானாலும் தட்டின் முன்னால் சத்தமே வருவதில்லை.